‘ரெண்டு’ சொன்ன பதினைந்து பேர்

முப்பத்து மூன்று. இன்னும் ஒருத்திகூட உட்காரவில்லை. முப்பத்து நான்கு. ஸ்பீக்கர் பீப் அடிக்கிறது, பதினைந்து பேரும் சேர்ந்தாற்போல் கோட்டைத் தொட்டுத் திரும்புகிறார்கள், ஒருத்திக்கும் மூச்சு இரைக்கவில்லை, கடைசியில் ஓடுகிறவள் சிரிக்க வேறு செய்கிறாள். எதற்குச் சிரிக்கிறாய், என் பிழைப்பில் மண் விழுவதைப் பார்த்தா? இருபது மீட்டர் தள்ளித் தள்ளி இரண்டு சுண்ணாம்புக் கோடு, பீப் சத்தத்துக்குள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் பீப்புக்கும் பீப்புக்கும் இடைவெளி குறையும், அடுத்தடுத்து இரண்டு தடவை கோட்டை எட்டாதவள் வெளியே. அவ்வளவுதான் சோதனை. பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் இதே மைதானத்தில், இதே காலை ஏழு மணிக்கு, இதே பிள்ளைகள் சராசரியாக முப்பத்தோரு தடவை ஓடி நாக்குத் தள்ளி உட்கார்ந்தார்கள். நான்தான் என் கையால் எழுதினேன். இன்றைக்கும் முப்பத்தொன்றில் உட்கார வேண்டும். முப்பத்திரண்டு, போனால் போகிறது, முப்பத்து மூன்று. ஏனென்றால் இவர்கள் பன்னிரண்டு வாரமாக எதுவுமே செய்யவில்லை. எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தேன். என் முதுகலை ஆய்வேட்டின் பாஷையில், ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வைத்திருக்கிற இவர்களுக்குப் பெயர் கட்டுப்பாட்டுக் குழு. கட்டுப்பாடாம் கட்டுப்பாடு. முப்பத்தைந்து. ஏட்டி, யாராவது ஒருத்தியாவது உட்காருங்களேன், கால் வலிக்கவில்லையா உங்களுக்கு, காலையில் சாப்பிட்டீர்களா இல்லையா, உங்கள் வயதில் பிள்ளைகள் எல்லாம் மாடிப்படி ஏறினாலே இரைக்கிறது என்று நேற்றுத்தானே முன்னுரையில் இரண்டு பக்கம் எழுதி முடித்தேன்.

பன்னிரண்டு வாரம். மார்கழிக் குளிரிலே ஆரம்பித்தது. முப்பது பிள்ளைகளை உயர வரிசைப்படி நிறுத்தி, நம்பர் சொல்லுங்க என்றேன். எந்த விளையாட்டு ஆசிரியரும் அதைத்தான் செய்வார், கை தானாக அப்படித்தான் போகும். ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு என்று கடைசிவரை கத்தினார்கள். ஒண்ணெல்லாம் ஒரு எட்டு முன்னால வாங்க. அவர்களுக்குப் பயிற்சி, வாரம் ஆறு நாள், நான் வடிவமைத்த, இல்லை, என் ஆய்வு வழிகாட்டி பொன்னையா சார் வடிவமைத்து நான் பெயர் போட்டுக்கொண்ட இடைவெளி ஓட்டப் பயிற்சி. ரெண்டெல்லாம் வீட்டுக்குப் போகலாம். ஏன் மிஸ், என்று ஒருத்தி கேட்டாள். அவளிடம் நான் விளக்கியிருக்க வேண்டும். பிள்ளைகளிடம் ஆய்வைப் பற்றி மூச்சு விடாதே, தெரிந்தால் எண்கள் மாறிவிடும் என்று சார் சொல்லியிருந்தார். அப்புறம் சொல்றேன், நீங்க எப்பவும் போல இருங்க, ஓட மட்டும் கூடாது என்றேன். ஓட மட்டும் கூடாது! உடற்கல்வி முதுகலை, எம்.பி.எட்., முதல் வருடம் விளையாட்டு உளவியல் தாளில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவள் நான். பதினைந்து வயதுப் பிள்ளையை வரிசையில் நிறுத்தி, பக்கத்தில் இருந்தவளை முன்னால் கூப்பிட்டு, இவளைப் பார்த்து நீ ஓடக் கூடாது என்று சொன்னால் அது வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்காரும் என்று எந்த முட்டாள் நினைப்பாள்? நான் நினைத்தேன். முப்பத்தொன்பது. அப்பாடா, ஒருத்தி கோட்டுக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டாள். ஷர்மிளா பானு. முன்பு இருபத்தெட்டில் உட்கார்ந்தவள். இன்றைக்கு முப்பத்தொன்பது. ஒன்றுமே செய்யாமல் பதினோரு தடவை கூட. எழுதிக்கொள், ஜெபக்கனி, எழுதிக்கொள். உன் படிப்புக்கு நீயே இரங்கல் குறிப்பு எழுதிக்கொள்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் பழுப்பு ரெக்ஸின் அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்து, இருநூற்றுச் சொச்சம் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கின்றன. கைப்பந்து வீராங்கனைகளுக்குப் படிக்கட்டு ஏற்றம், கபடி ஆடுகிறவர்களுக்கு யோகாசனம், கால்பந்துப் பையன்களுக்கு மணலில் குதித்தல். எதைத் திறந்தாலும் கடைசி அத்தியாயம் ஒன்றுதான். பயிற்சி பெற்ற குழு குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தது, கட்டுப்பாட்டுக் குழுவில் மாற்றம் எதுவும் இல்லை. இருபது வருடமாக இந்த மாவட்டத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் குழுகூட அசைந்தது கிடையாது, வளருகிற வயதுப் பிள்ளைகள் வளரக்கூட இல்லை போலிருக்கிறது. அந்த அலமாரிக்கு முன்னால் நின்று நானும் தோழிகளும் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். சிரித்த வாய்க்கு இப்போது வேண்டும். நேற்றுச் சாயங்காலம் பொன்னையா சாரிடம் போய்ச் சொன்னேன், சார், அந்தப் பிள்ளைங்களைப் பார்த்தா எனக்குச் சந்தேகமா இருக்கு, ஆடுசதை எல்லாம் இறுகியிருக்கு, என்று. பார்த்தால் தெரியாதா, கெண்டைக்காலைப் பார்த்தே வாரம் எத்தனை நாள் ஓடுகிறாள் என்று சொல்லிவிடலாம், இரண்டு வருடம் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அவர் சுண்டலைக் கொறித்துக்கொண்டே கேட்டார். “நீ என்னம்மா சின்னப் பிள்ளை மாதிரி பேசுத? விசில் யார் கையில இருக்கு?” என் கையில சார். “கோட்டைத் தொட்டாளா தொடலையான்னு சொல்லுதது யாரு?” நான்தான் சார். “பின்ன என்ன? முப்பது முப்பத்திரண்டு வந்ததும் தொடலைன்னு ஊது. ஒவ்வொருத்தியா உட்கார வை. இருபது மீட்டர் ஓட்டத்துக்கு மூணாவது அம்பயரா வரப் போறான்?” அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சலே. எனக்கு இரண்டு தடவை பரீட்சைக் கட்டணம் கட்ட நாள் நீட்டி வாங்கிக் கொடுத்தவர், மழையில் நனைந்து வந்தால் அவர் வீட்டிலிருந்து துண்டு கொண்டுவந்து தருகிறவர். அவர் இதைச் சொல்லும்போது ஒரு துளி வெட்கம் இல்லை, பந்துக்குக் காற்றடிக்கச் சொல்கிற மாதிரிச் சொன்னார். நானும் சரி சார் என்றுதான் சொன்னேன். வாயைத் திறந்து சரி சார் என்று சொன்னேன். அப்புறம் ஏன் முப்பத்திரண்டில் ஊதவில்லை? விசில் கழுத்தில் தொங்குகிறது. ஊதவில்லை. நாற்பத்தொன்று. இரண்டாவது ஆள் உட்காருகிறாள். எனக்கு என்னதான் பிடித்திருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. இப்போது வரிசையாக விழுகிறார்கள், உட்கார்ந்தவர்கள் என் காலடியில் வந்து மூச்சு வாங்குகிறார்கள். அந்தக் கோட்டில் செண்பகவல்லி டீச்சர், இந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொட்டாலும் சரி, தொடாவிட்டாலும் சரி, அவருக்கு எட்டரைக்குள் மைதானத்தைக் காலி செய்தால் போதும். நான் கண்ணை ஓடுகிறவர்கள் மேலேயே வைத்துக்கொண்டு ஷர்மிளாவிடம் கேட்டேன். “ஏட்டி, நெசமாச் சொல்லு. நீங்க எல்லாரும் எங்க ஓடுனீங்க?” அவள் மூச்சு வாங்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். அப்புறம் சொன்னாள், “நாங்க கிரவுண்டுல ஓடலை மிஸ். நீங்க சொன்னத மீறலை.” மீறலையாம். “பின்ன எங்கட்டி?” “கால்வாய்க்கரை ரோட்டுல மிஸ். காலையில அஞ்சரைக்கு.” எத்தனை பேர்? எல்லாரும். எத்தனை நாள்? “அஞ்சு நாள் மிஸ். புதன், ஞாயிறு லீவு.” புதன்கிழமை எதற்கு லீவு, யார் விட்டது லீவு? “முப்புதான் மிஸ். ரெண்டாவது வாரம் எல்லாருக்கும் காலு வலின்னு நின்னுட்டோம். அவதான் புதன்கிழமை ஓட வேண்டாம், ரெஸ்ட் எடுங்கன்னா.” முப்புடாதி. அந்தக் கடைசியில் சிரித்துக்கொண்டு ஓடியவள். இப்போது சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள், நாற்பத்தேழு, கூட ஓடுகிறவளுக்குத் திரும்பும்போது ஏதோ சொல்லிக் கொடுக்கிறாள். திரும்பும்போது சுற்றி வராதே, ஒற்றைக் காலை ஊன்றி வெட்டித் திரும்பு. என் பயிற்சிக் குழுப் பிள்ளைகளுக்கு நான்காவது வாரம் நான் சொல்லிக் கொடுத்தது அது, வார்த்தை பிசகாமல்.

மற்றதையும் ஷர்மிளா தானாகவே சொல்லிவிட்டாள், இனிமேல் மறைத்து என்ன என்று தோன்றியதோ என்னவோ. தினமும் ‘ஒண்ணு’ சொன்னவர்களை நான் ஓடவிட்டபோது முப்புடாதி சைக்கிள் நிறுத்துகிற கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எழுதுவாளாம். எத்தனை தடவை ஓட விட்டேன், நடுவில் எத்தனை நேரம் நிற்க விட்டேன், வாரா வாரம் என்ன கூட்டினேன், எல்லாம் ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில். கையில் கடிகாரம் இல்லை, ஒன்று இரண்டு என்று எண்ணியே நேரம் எடுத்திருக்கிறாள். மறுநாள் காலையில் அதைக் கால்வாய்க்கரையில் நடத்தியிருக்கிறாள். ஒருத்திக்குச் செருப்பில்லாமல் கல் குத்தியபோது அவளைப் புல் ஓரமாக ஓடவிட்டிருக்கிறாள். ஒருத்தி வராத நாளில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். அடிப்பாவி. இரண்டு வருடம், நாலு பருவம், விளையாட்டு மேலாண்மை என்று முந்நூறு பக்கப் புத்தகம், திட்டமிடுவது எப்படி, ஆளைச் சேர்ப்பது எப்படி, சேர்ந்த ஆள் ஓடிப்போகாமல் பார்ப்பது எப்படி, மனப்பாடம் செய்து மனப்பாடம் செய்து வாந்தி எடுத்து நான் ஐம்பத்திரண்டு மார்க் வாங்கினேன். இந்தப் பிள்ளை ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் முடித்துவிட்டது. அதிலும் அந்தப் புதன்கிழமை! ஆறு நாளும் ஓடவிட்டால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள், நடுவில் ஒரு நாள் விடலாமா என்று மூன்றாவது வாரமே எனக்குத் தோன்றியது. சாரிடம் கேட்டேன். வாரம் ஆறு நாள் என்றுதான் எல்லோரும் போட்டிருக்கிறார்கள், நீ எதற்குப் புதுசாகக் குழப்புகிறாய் என்றார். சரி சார் என்றேன். எனக்குத் தோன்றியும் நான் செய்யாததை அவள் செய்தாள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை. அவள்மேல் கோபப்பட்டால் நான் மனுஷியே இல்லை. ஆனாலும் அவள்மேலும் கொஞ்சம் வருகிறது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. பாக்கி மூன்று பேர்.

பையில் அந்தக் கடிதம் இருக்கிறது. பெண்கள் விளையாட்டு விடுதியில் உதவிப் பயிற்சியாளர், ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும், சேரும்போது முதுகலைத் தேர்ச்சிச் சான்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். அடுத்த ஆள் யார் என்றுகூட எனக்குத் தெரியும், நேர்முகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நல்ல உயரம், நல்ல பல்வரிசை. இந்த எண்கள் இப்படியே போனால் சார் கையெழுத்துப் போட மாட்டார், கட்டுப்பாட்டுக் குழு கெட்டுப்போய்விட்டது, ஆய்வு செல்லாது, மறுபடி புதுப் பிள்ளைகள், மறுபடி பன்னிரண்டு வாரம். ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடும், ஜூனில் திறக்கும், செப்டம்பரில் முடியும். விடுதி செப்டம்பர் வரைக்கும் எனக்காக நாற்காலியைத் துடைத்து வைத்திருக்குமா? எனக்கு இந்த வேலை வேண்டும். பயிற்சியாளர் என்று எழுதிய சட்டை வேண்டும், கோட்டுக்கு வெளியே நின்று கத்தினால் உள்ளே இருக்கிற பிள்ளை திரும்பிப் பார்க்கிற அந்த இடம் வேண்டும். கல்லூரிக் கைப்பந்து அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். மூன்று வருடம் எல்லாப் போட்டிக்கும் பஸ் ஏறினேன், தண்ணீர்ப் பாட்டில் தூக்கினேன், பந்துப் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினேன், ஒரு தடவைகூட உள்ளே இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை, காரைக்குடியில், மூன்றாவது செட்டில் பதினான்கு ஆறு என்று நாங்கள் ஜெயிக்கப் போகிற நேரத்தில் கோச் என் பக்கம் திரும்பினார், நான் எழுந்து முட்டி உறையை இழுத்துவிட்டேன், அவர் மணி என்ன என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு ஆட்டம் தெரியவந்தது, யார் கால் எங்கே பிசகுகிறது, யார் பயந்து கையை இழுக்கிறாள் என்று. ஆடத்தான் விடவில்லை, சொல்லிக் கொடுக்கவாவது விடுவார்கள் என்று இந்தப் படிப்புக்கு வந்தேன். வந்து என்ன செய்தேன்? முப்பது பேரை நிறுத்தி, பதினைந்து பேரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

ஐம்பத்து நான்கு, ஒருத்தி. ஐம்பத்தைந்து, இன்னொருத்தி. முப்புடாதி மட்டும் ஓடுகிறாள். அந்தப் பெரிய மைதானத்தில் ஒற்றை ஆளாக இங்கும் அங்கும். நேற்றுச் சோதித்த என் பயிற்சிக் குழுவின் சராசரி நாற்பத்தேழு. மனம் தானாகக் கூட்டிக்கொண்டே போகிறது, நிறுத்து என்றால் நிற்கவில்லை, இவள் சீக்கிரம் உட்கார்ந்தால் இந்தப் பக்கமும் நாற்பத்தேழோடு நிற்கும். நின்று என்ன ஆகப்போகிறது, நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் ஒன்றுதான், வித்தியாசம் இல்லை என்றால் இல்லைதான், என் ஆய்வேடு எப்படியும் போச்சு. இனிமேல் ஊதுவதென்றால் இவள் ஒருத்திக்கு ஊதிப் பயனில்லை, பதினைந்து எண்களையும் மாற்ற வேண்டும், அதை இராத்திரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டுகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது, அலமாரியில் இருநூற்றுப் பத்தாவது அட்டையாக என்னுடையதும் போய் உட்காரும். ஆனால் இவளை நிறுத்திவிட்டால் மற்றதை மாற்றுவது சுலபம். அது எனக்குத் தெரிகிறது, கேவலமாக, தெளிவாகத் தெரிகிறது. எல்லோரும் பார்க்க ஒரு பொய் சொல்லிவிட்டால் மீதிப் பதினான்கு பொய்யும் தனியாக உட்கார்ந்து சொல்லிவிடலாம். ஐம்பத்தேழு. அந்தக் கோட்டில் கால் எட்டவில்லை. நான் பார்த்தேன், ஒரு சாண் இடைவெளி. கையை உயர்த்தினேன், அது எச்சரிக்கை. அவளும் பார்த்தாள். அடுத்ததும் எட்டாவிட்டால் வெளியே. இந்தக் கோட்டுக்கு வருகிறாள், என் கோட்டுக்கு, என் காலடிக்கு. விசில் எப்போது வாய்க்குப் போனது? பல்லுக்கு நடுவில் இருக்கிறது, உப்புக் கரிக்கிறது. பதினைந்து பேர் ஓடி ஓடிக் கோட்டுச் சுண்ணாம்பெல்லாம் மண்ணோடு கலந்து கிடக்கிறது, கோடு எங்கே இருக்கிறது என்று நான் சொல்வதுதான். வருகிறாள், வாய் திறந்திருக்கிறது, வலது விலாவைப் பிடித்திருக்கிறாள், கண் என்மேல் இல்லை, மண்மேல் இருக்கிறது. பீப். அவள் பெருவிரல் முனை அந்த மங்கின வெள்ளையில் பட்டது. பட்டும் படாமலும் இல்லை. பட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை, செண்பகவல்லி டீச்சர் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து தெரியாது. ஊது. ஊதடி. ஒரு மூச்சுதான். ஜூன் ஒன்று. ஊது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் திரும்பி ஓடிவிட்டாள், ஐம்பத்தொன்பதுக்கு. விசில் என் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துக்கமும் இல்லை, நல்லது செய்துவிட்டேன் என்கிற பெருமையும் இல்லை, சுத்தமான ஆத்திரம்.

அதற்கப்புறம் எண்ணினதுதான். அறுபது. பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். அறுபத்தொன்று. சோதனை நடத்துகிறவர் உற்சாகப்படுத்தக் கூடாது, வழிமுறைகள் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன், பக்கம் நாற்பத்து மூன்று. அறுபத்திரண்டு. “தோளை எறக்குட்டி! கைய வீசு!” என்று யாரோ கத்துகிறார்கள். நான்தான். தொண்டை கிழிகிறது. அறுபத்து மூன்று. “மூச்ச வெளிய விடு, உள்ள வைக்காத!” தோள் இறங்கியது. நான் சொன்னேன், அவள் தோள் இறங்கியது. அறுபத்து நான்கு. அறுபத்தைந்து. அறுபத்தாறில் பாதியிலேயே கால் பின்னிக்கொண்டது, பீப் அடித்தபோது அவள் இரண்டு எட்டுப் பின்னால். அறுபத்தேழுக்குத் திரும்பி நடந்தாள், ஓட முடியவில்லை, பீப் அடித்தது. ஊதினேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள், அப்புறம் படுத்தாள். உடனே படுக்கக் கூடாது, நடக்க வை என்று நான் கத்துவதற்குள் இரண்டு பேர் ஓடிப்போய் அவளைத் தோளில் போட்டு நடக்க வைத்தார்கள். அவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

நான் மணலில் உட்கார்ந்து கூட்டினேன். இரண்டு தடவை கூட்டினேன். எழுநூற்றிருபது, பதினைந்தால் வகுத்தால் நாற்பத்தெட்டு. சுற்றிலும் பதினைந்து நிழல் என் தாள்மேல் விழுந்தது. “மிஸ், நாங்க எத்தனை?” என்று ஷர்மிளா கேட்டாள். நாற்பத்தெட்டு. “அவளுவ எத்தனை?” அவளுவ என்றால் ‘ஒண்ணு’ சொன்னவர்கள். சொல்லக் கூடாது. அதுவும் வழிமுறைகளில் இருக்கிறது. “நாப்பத்தேழு” என்றேன். அப்புறம் அவர்கள் போட்ட கூச்சலில் செண்பகவல்லி டீச்சர் போனைக் கீழே போட்டுவிட்டார். ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள், ஒருத்தி அழுகிறாள், இப்பத்தானே கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாய், எங்கிருந்து வந்தது இவ்வளவு குதி? “அப்ப எங்களையும் டீமுல சேத்துக்கிடுவீங்களா மிஸ்?” என்று அந்த அழுகிறவள் கேட்டாள். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. டீம். ‘ஒண்ணு’ சொன்னவர்களை நான் ஏதோ அணிக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன் என்றுதான் பன்னிரண்டு வாரமும் நினைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் அஞ்சரை மணி, அதற்காகத்தான் கால்வாய்க்கரை. அப்புறம் சொல்றேன் என்று சொன்னேனே, அப்புறம் என்பது இப்போதுதான் வந்திருக்கிறது. “டீமுன்னு ஒண்ணும் இல்லட்டி” என்றேன். “அவங்களுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. என் படிப்புக்காக அவங்களை ஓடச் சொன்னேன், உங்களை ஓட வேண்டாம்னேன். அவ்வளவுதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது.” குதித்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை, திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் எல்லோரும் முப்புடாதியைப் பார்த்தார்கள். என்னை ஒருத்தியும் பார்க்கவில்லை.

முப்புடாதி இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “பெல் அடிக்கப் போவுது, மூஞ்சியக் கழுவுங்கட்டி” என்று மற்றவர்களைக் குழாயடிக்கு விரட்டினாள். போனார்கள். அவள் மட்டும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் தாளை எட்டிப் பார்த்தாள்.

“நாங்க ஓடுனதுனால உங்க படிப்பு கெட்டுப் போச்சா மிஸ்?”

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. “ஆமாட்டி, ஜூன்ல ஒரு வேலையில சேரணும், அதுக்கு இந்தப் படிப்பு முடியணும்” என்றேன்.

“வேலையும் போயிருமா?”

“போகும்னுதான் நெனைக்கேன்.”

அவள் கெண்டைக்காலைப் பிடித்து நீவிக்கொண்டாள். “அம்பத்தெட்டுல நீங்க விசில வாயில வச்சிருந்தீங்க, திரும்புதப்ப நான் பாத்தேன். சோலி முடிஞ்சுன்னு நெனச்சேன். ஊதிருக்கலாம்லா மிஸ், நாங்க என்ன கண்டோம்?”

“ஊதிருக்கலாம்.”

“பின்ன ஏன் ஊதலை?”

எனக்கு எரிச்சலாக வந்தது. பன்னிரண்டு வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்று விடாமல் எழுதினவளுக்கு இதுகூடவா தெரியாது?

“நீ கோட்டத் தொட்டுட்டியேட்டி” என்றேன்.